ஆங்கிலப் பாட்டு கேட்டு ஆங்கிலம் கற்க முடியுமா?

கேள்வி இதுதான்: "பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. ஆங்கிலத்தில் வரும் மெயில் படித்தால் புரிகிறது, பேசப் போனால் வாய் வரவில்லை. இலக்கணப் புத்தகம் வாங்கினால் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. ஆங்கிலப் பாட்டு வழியாகவே சொற்களும் இலக்கணமும் கற்கலாம் என்கிறார்கள். உண்மையா? எந்தப் பாட்டு, எப்படிக் கேட்பது?"

உண்மைதான். ஆனால் பாட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று சலித்துப் போவீர்கள்.

தமிழ் வழியில் படித்தவருக்கு ஆங்கில இலக்கணம் தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டென்ஸ், ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ், டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச், இஃப் கிளாஸ் (நிபந்தனை வாக்கியம்) எல்லாம் பரீட்சைக்காக வருடக்கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். விதி மண்டையில் இருக்கிறது, நாக்குக்கு இறங்கவில்லை. அந்த விதியை யோசித்து, வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். பாட்டு உதவுவது இந்த இடத்தில்தான். அது புது இலக்கணம் எதையும் விளக்காது. ஏற்கெனவே படித்த இலக்கணத்தை, யோசிக்க நேரம் கொடுக்காமல், முழு வாக்கியமாக வாயில் ஏற்றிவிடும். அதற்கு நீங்கள் பாட வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்பது சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேரன் லட்கே என்பவரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 60 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2014-ல் அது ஆய்விதழில் வந்தது. யாருக்கும் தெரியாத ஹங்கேரிய மொழியில் சின்னச் சின்னத் தொடர்கள், 15 நிமிடப் பயிற்சி. ஒரு குழு கேட்டுத் திருப்பிச் சொன்னது, இன்னொரு குழு தாளத்தோடு சொன்னது, மூன்றாவது குழு பாடியது. ஹங்கேரியத் தொடரை வாயால் திருப்பிச் சொல்லும் சோதனைகளில் பாடிய குழுதான் முன்னால் நின்றது. இதை வைத்து "பாட்டு கேட்டால் மொழி வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குழுவினர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு தொடரையும் கேட்டுக் கேட்டுத் திருப்பிப் பாடினார்கள்.

சரி, எந்தப் பாட்டில் தொடங்குவது? ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் "கே செரா செரா" என்பேன். 1956-ல் ஹிட்ச்காக் படம் ஒன்றுக்காக ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதி, டோரிஸ் டே பாடி, ஆஸ்கர் வாங்கிய பாட்டு. மெட்டு உங்களுக்கே தெரிந்திருக்கலாம். அடுத்த வருடமே 1957-ல் "ஆரவல்லி" படத்தில் "சின்னப் பெண்ணான போதிலே" என்று அது தமிழுக்கு வந்துவிட்டது. மெட்டு முன்பே பழக்கமானதாக இருந்தால் கவனம் முழுவதையும் வார்த்தையில் வைக்கலாம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். டோரிஸ் டேயின் உச்சரிப்பும் அவ்வளவு தெளிவு.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு பெண் தன் சிறு வயதைச் சொல்கிறாள்: "வென் ஐ வாஸ் ஜஸ்ட் எ லிட்டில் கேர்ள்". அம்மாவிடம் கேட்கிறாள்: "வாட் வில் ஐ பி?" இங்கே நில்லுங்கள். "நான் என்ன ஆவேன்?" என்று தமிழில் கேட்கும்போது எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை, "என்ன" என்று ஒரு சொல் உள்ளே நுழைகிறது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் நாம் ஆங்கிலத்திலும் "வாட் ஐ வில் பி?" என்று கேட்டுவிடுகிறோம். அலுவலகத்தில் "வென் யூ வில் கம்?", "வை யூ ஆர் கோயிங்?" என்று காதில் விழுவதெல்லாம் இந்த வகை. ஆங்கிலக் கேள்வியில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போயாக வேண்டும். பாட்டில் அடுத்தடுத்து மூன்று கேள்விகள் வருகின்றன, மூன்றிலும் "வில் ஐ பி" என்ற அதே வரிசை. மெட்டோடு பாடிப் பழகிய பிறகு "ஐ வில் பி" என்று அந்த இடத்தில் பாடிப் பாருங்கள், உங்களுக்கே உறுத்தும். அந்த உறுத்தல்தான் வேண்டும். எதிராளியிடம் பேசும்போது வாக்கியம் தப்பாக வெளியே போகுமுன் தடுப்பது விதியைவிட இந்த உறுத்தல்தான்.

அப்புறம் மூன்றாவது சரணத்துக்கு வாருங்கள். முதல் இரண்டு சரணமும் நடந்து முடிந்த கதை: கேட்டேன், சொன்னாள், வளர்ந்தேன், காதலித்தேன். "ஆஸ்க்ட்", "செட்", "க்ரூ அப்", "ஃபெல் இன் லவ்" என்று எல்லாம் இறந்த காலம். மூன்றாவதில் அவளே தாயாகிவிட்டாள், பிள்ளைகள் அவளைக் கேட்கிறார்கள். "ஆஸ்க்ட்" என்று இருந்தது "ஆஸ்க்" ஆகிறது, "செட்" இருந்த இடத்துக்கு "டெல்" வருகிறது. காட்சி அதேதான், காலம் மட்டும் நகர்ந்திருக்கிறது. டென்ஸ் எதற்காக என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் பாடம் எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பாடிப் பழகியதும் ஒரு பயிற்சி செய்யுங்கள். பள்ளியில் மார்க்குக்காகச் செய்ததுதான். அவள் கேட்ட கேள்வியை இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு மாற்றுங்கள்: "ஐ ஆஸ்க்ட் மை மதர் வாட் ஐ வுட் பி." "வில்" போய் "வுட்" வந்தது. புரண்டிருந்த வரிசை மறுபடி நேரானது. இந்த நேரான வரிசையைப் பாட்டாகவே கேட்க வேண்டுமானால் பீட்டில்ஸின் "யெஸ்டர்டே" இருக்கிறது, 1965-ல் வந்தது. அவள் ஏன் போக வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது என்பதை "வை ஷி ஹேட் டு கோ, ஐ டோன்ட் நோ" என்று பாடுகிறார்கள். நாம் சொல்வது பெரும்பாலும் "ஐ டோன்ட் நோ வை டிட் ஷி கோ" என்றுதான் இருக்கும். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அதற்குக் கேள்வியின் வரிசை வேண்டாம். "டிட்" வரவே கூடாது.

அதே பாட்டில் "யூஸ்ட் டு பி" வருகிறது. முன்பு இருந்தேன், இப்போது அப்படி இல்லை என்று பொருள். நம் ஊரில் "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்" என்று இன்றைய பழக்கத்தைச் சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்கிற வெளிநாட்டுக்காரர், இவர் முன்பு ஐந்து மணிக்கு எழுந்தவர், இப்போது விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வார். இழந்ததை நினைத்துப் பாடும் அந்தச் சோகத்தோடு சேர்த்து "யூஸ்ட் டு"வைக் கற்றவர் அதை நிகழ்காலத்துக்குப் பயன்படுத்த மாட்டார். கார்ப்பென்டர்ஸ் 1973-ல் பாடிய "யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்" பாட்டின் முதல் வரியிலேயே இன்னொரு வகை இருக்கிறது: சின்ன வயதில் ரேடியோ கேட்பேன் என்பதை "ஐட் லிசன்" என்கிறார் கேரன் கார்ப்பென்டர். அந்த "ட்", "வுட்" என்பதன் சுருக்கம். முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்ல "வுட்" வரும் என்பது பலருக்குப் பாடப் புத்தகத்தில் கண்ணில் படாமலே போயிருக்கும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் கட்டாயம் சிபாரிசு செய்யும் இன்னொரு பாட்டு, தி போலீஸ் குழுவின் "எவ்ரி ப்ரெத் யூ டேக்", 1983. நீ விடும் ஒவ்வொரு மூச்சும் என்று பொருள். தமிழில் "நீ விடும்" முதலில் வந்து "மூச்சு" கடைசியில் வரும். ஆங்கிலத்தில் மூச்சு முன்னால் வந்து "யூ டேக்" பின்னால் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் "தட்", "விச்" எதுவும் தேவையில்லை. நாம் இதைச் சொல்லப் போனால் "எவ்ரி ப்ரெத் விச் யூ ஆர் டேக்கிங்" என்று இழுப்போம். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பாட்டு முழுக்க இந்த அமைப்புதான்: நீ வைக்கும் ஒவ்வொரு அடி, நீ செய்யும் ஒவ்வொரு அசைவு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அதே அச்சில் உங்கள் வாக்கியங்களை ஊற்றுங்கள்: "எவ்ரி மெயில் ஐ சென்ட்", "எவ்ரி பஸ் ஐ டேக்", "தி ரிப்போர்ட் யூ கேவ் மீ". இவ்வளவு சுலபமா என்று தோன்றும். இது காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாண வீடுகளில் போடுகிறார்கள். விட்டுப் போன பெண்ணை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் பாட்டு அது, எழுதிய ஸ்டிங்கே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். வரிகளைப் பொருளோடு படித்தால் அதுவும் விளங்கும்.

யூ-டூ குழுவின் 1987 பாட்டு ஒன்றின் தலைப்பே முழு இலக்கணப் பாடம்: "ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட் வாட் ஐம் லுக்கிங் ஃபார்". தேடுவது இன்னும் கிடைக்கவில்லை. "ஸ்டில்" எங்கே வருகிறது, இன்னும் நடக்காததற்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் எப்படி வருகிறது, "ஃபார்" எப்படிக் கடைசியில் தனியாக நிற்கிறது என்று மூன்று விஷயங்கள் ஒரே மூச்சில். அந்த "ஃபார்"ஐத்தான் நாம் எப்போதும் தொலைக்கிறோம். "தி ஃபைல் ஐ வாஸ் லுக்கிங்" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். "தி பர்சன் ஐ வாஸ் டாக்கிங்" என்போம், "டு" காணாமல் போயிருக்கும். தலைப்பை மட்டும் மெட்டோடு மனப்பாடம் செய்தாலே போதும், பாட்டு முழுவதும் வேண்டியதில்லை.

ரிக் ஆஸ்ட்லியின் "நெவர் கானா கிவ் யூ அப்" (1987) பல்லவியைக் கட்டாயம் பாருங்கள். இணையத்தில் அதை வைத்து ஆளை ஏமாற்றும் விளையாட்டு பிரபலம், ஆனால் அந்தப் பல்லவி ஆங்கில வினைகளின் சுரங்கம். "கிவ் யூ அப்", "லெட் யூ டவுன்" என்று வரும்போது "யூ" நடுவில் உட்காருகிறது. "கிவ் அப் யூ" என்று வராது. இப்படிப் பிரியும் வினைகளில், பெயருக்குப் பதிலாக வரும் சொல் நடுவில்தான் போகும்: "கால் ஹிம் பேக்", "பிக் மீ அப்", "டர்ன் இட் ஆஃப்". அதே பல்லவியில் "மேக் யூ க்ரை" என்று வருகிறது. "மேக்" வந்தால் அடுத்த வினைக்கு "டு" கிடையாது. "ஹி மேட் மீ டு வெயிட்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் இந்த ஒரு வரி அதைத் திருத்திவிடும்.

இஃப் கிளாஸுக்கு எரிக் கிளாப்டனின் "டியர்ஸ் இன் ஹெவன்". 1991-ல் நான்கு வயது மகன் இறந்த பிறகு அவர் எழுதிய பாட்டு. உன்னைச் சொர்க்கத்தில் பார்த்தால் என் பெயர் உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார். "வுட் யூ நோ" என்று ஒரு பக்கம், "இஃப் ஐ சா யூ" என்று இன்னொரு பக்கம். நடக்க முடியாத ஒன்றைச் சொல்வதால் இறந்த கால வடிவம் வந்திருக்கிறது, காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளியில் இதை டைப் டூ என்று எண் போட்டுப் படித்தோம். எண் மறந்து போகும், அந்தத் தகப்பனின் கேள்வி மறக்காது.

இனி எச்சரிக்கைகள். பாட்டின் இலக்கணம் எல்லா இடத்திலும் பரீட்சை இலக்கணமாக இருக்காது. பீட்டில்ஸே "டிக்கெட் டு ரைடு" பாட்டில் "ஷி டோன்ட் கேர்" என்று பாடுகிறார்கள். மேலே சொன்ன "யெஸ்டர்டே"யும் இதுவும் ஒரே வருடம் வந்தவை, ஒரே குழு. ரோலிங் ஸ்டோன்ஸ் "ஐ கான்ட் கெட் நோ" என்றும், பிங்க் ஃபிளாய்டு 1979-ல் "வி டோன்ட் நீட் நோ எஜுகேஷன்" என்றும் இரண்டு எதிர்மறையைச் சேர்த்துப் போட்டார்கள். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்ற கணக்கு இங்கே செல்லாது, எதிர்மறை இன்னும் அழுத்தமாகிறது. இவற்றைப் பிழை என்று தள்ள வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் இங்கிலாந்துத் தொழிலாளர் பேச்சிலும் இது ஒழுங்கான வழக்கு. கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வழியாகத்தான் இந்தப் பேச்சு பெருமளவில் ராக் பாட்டுக்குள் வந்தது. ஆனால் நீங்கள் மேனேஜரிடம் "ஐ டோன்ட் ஹேவ் நோ டைம்" என்று சொன்னால் அவர் ப்ளூஸை நினைக்க மாட்டார்.

மெட்டுக்காகவும் சொல்லை வளைப்பார்கள். எல்விஸின் "லவ் மீ டெண்டர்" என்பது பரீட்சைத் தாளில் "டெண்டர்லி" ஆக இருக்க வேண்டும். பாப் டிலன் "லே லேடி லே" என்று பாடினார். படுத்துக்கொள் என்பதற்கு இலக்கணப்படி "லை". இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் அந்த விதி மாறிவிடாது. "இஃப் ஐ வேர் எ பாய்" என்று பியான்சே 2008-ல் பாடியது இலக்கணப் புத்தக வடிவம். க்வென் ஸ்டெஃபானி 2004-ல் "இஃப் ஐ வாஸ்" என்று பாடியது பேச்சு வடிவம். பேச்சில் இரண்டும் செல்லும், எழுத்தில் "வேர்" போடுங்கள். "கானா" (கோயிங் டு), "வானா" (வான்ட் டு), "காட்டா" (காட் டு), "ஏன்ட்" (இஸ் நாட், ஆர் நாட்) எல்லாம் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள். கேட்டால் புரிய வேண்டும், மெயிலில் எழுதக் கூடாது. ஐயம் வந்தால் கற்பவர்களுக்கான அகராதியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசம். சொல்லுக்குப் பக்கத்திலேயே இது பேச்சு வழக்கு, இது கொச்சை என்று குறித்திருப்பார்கள்.

உச்சரிப்புக்குப் பாட்டு செய்யும் உதவி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் "டேக்" என்பது நம் வாயில் "டேக்கு" ஆகிறது, "ப்ரெத்" என்பது "ப்ரெத்து" ஆகிறது. நமக்கே தெரியாமல் ஒரு உகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பேசும்போது இதை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். பாட்டு விடாது. "எவ்ரி ப்ரெத் யூ டேக்" என்பதில் ஐந்து அசைகள், மெட்டிலும் ஐந்தே இடம். "எவ்ரி ப்ரெத்து யூ டேக்கு" என்று பாடினால் ஏழாகிவிடும், தாளத்தில் பிடிபடாது, பாடகர் முன்னால் போய்விடுவார். எங்கே உங்களால் பாடகரோடு சேர்ந்து ஓட முடியவில்லையோ அங்கே உகரம் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். "ஆஸ்க்ட்" என்பதும் ஒரே அசைதான். "ஆஸ்கெட்" என்று இரண்டாக்கிப் பாடினால் "கே செரா செரா" இடறும்.

ஆனால் உயிரொலியின் நீளத்துக்குப் பாட்டை நம்ப வேண்டாம். மெட்டு எங்கே நீட்டச் சொல்கிறதோ அங்கே குறிலும் நெடிலாகும். அதே போல, பாடகரின் ஊர்ப் பேச்சு பாட்டில் அப்படியே வரும் என்பதில்லை. பிரிட்டிஷ் பாப் பாடகர்கள் பாடும்போது அமெரிக்க உச்சரிப்புக்குப் போய்விடுவதை பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் 1980-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

காதில் தப்பாக விழுகிறதே என்று கவலைப்படாதீர்கள். ஆங்கிலமே தாய்மொழியான சில்வியா ரைட், குழந்தையில் கேட்ட ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில் "லெய்ட் ஹிம் ஆன் தி க்ரீன்" என்ற இடத்தை "லேடி மாண்டக்ரீன்" என்று கேட்டு, அப்படி ஒரு சீமாட்டியே இருந்ததாக நம்பியிருந்தார். 1954-ல் அவர் அதைக் கட்டுரையாக எழுத, இப்படித் தப்பாகக் கேட்கும் வரிகளுக்கே "மாண்டக்ரீன்" என்று பெயர் வந்துவிட்டது. பொருளைத் தப்பாகப் பிடிப்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். பாப் மார்லியின் "நோ வுமன், நோ க்ரை" பாட்டைப் பெண் இல்லாவிட்டால் அழுகை இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஜமைக்கா பேச்சு. வேண்டாம் பெண்ணே, அழாதே என்று தேற்றுகிறார்.

சொல்வளத்துக்கு வருவோம். இதில் பாட்டின் கை கொஞ்சம் குட்டை. டிம் மர்ஃபி 1992-ல் ஐம்பது பாப் பாட்டுகளை எடுத்து ஆராய்ந்தபோது, யார், எங்கே, எப்போது என்று பெரும்பாலான பாட்டுகள் சொல்வதே இல்லை என்று காட்டினார். "நான்", "நீ" என்று போய்க்கொண்டிருக்கும். யார் கேட்டாலும் தன் கதை போலத் தோன்றுவதற்கு அது காரணம். கற்பவருக்கு அதில் நஷ்டமும் உண்டு: இதயம், இரவு, கண்ணீர், கனவு என்று ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றுவீர்கள். அதனால் கதை சொல்லும் பாட்டுகளைத் தேடுங்கள். சுசான் வேகாவின் "டாம்ஸ் டைனர்" ஒரு காலை நேரம் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவள் பார்ப்பதை அப்படியே சொல்லும். கவுண்டர், காபி, ஜன்னல், குடை, பேப்பர் என்று கையால் தொடக்கூடிய பொருட்கள். பெரும்பாலும் பிரசன்ட் கண்டினியஸ் வேறு. கடைக்காரர் காபி ஊற்றுவதற்காகக் காத்திருக்கிறேன் என்பதற்கு "வெயிட்டிங் ஃபார் தி மேன் டு போர்" என்ற அமைப்பு வரும். "வெயிட்டிங் ஃபார் யூ டு சைன்", "வெயிட்டிங் ஃபார் தி ரெயின் டு ஸ்டாப்" என்று நாள் முழுக்க உபயோகப்படும். 1987 ஆல்பத்தில் உள்ள மூலப் பதிவில் வாத்தியமே இல்லை, வெறும் குரல். எம்பிதிரீ தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியப் பொறியாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்புர்க், குரல் கெடாமல் ஒலியைச் சுருக்க முடிகிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது இந்தப் பாட்டைத்தான். அவ்வளவு துல்லியமாகக் கேட்கும்.

செய்முறையைச் சொல்கிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் கொடுங்கள், தினம் இருபது நிமிடம் போதும். முதல் நாள் வரிகளைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். பாதி கூட வராது, பரவாயில்லை. யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளலாம். மறுநாள் வரிகளை எடுத்து ஒப்பிடுங்கள். நீங்கள் எழுதாமல் விட்டவை பெரும்பாலும் "டு", "ஆஃப்", "ஹேவ்", "தி" போன்ற பொடிச் சொற்களாக இருக்கும். பேச்சில் நீங்கள் விடுவதும் அவற்றைத்தான் என்பது அப்போது தெரியும். வரிகள் போடும் தளங்களில் பிழை உண்டு, இரண்டு இடத்தில் சரிபாருங்கள். பிறகு பாட்டோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் பலன் இருக்கிறது. பாட்டிலிருந்து இரண்டு மூன்று வரிகளை எடுத்து மெட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். மெட்டோடு கற்றது மெட்டோடுதான் ஞாபகம் வரும். கழற்றாவிட்டால் ஆபீஸில் தேவைப்படும்போது கிடைக்காது. அப்புறம் உங்கள் சொற்களை மாற்றிப் போடுங்கள். "ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட்" என்பது "ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்ட் வாட் ஐ ஆஸ்க்ட் ஃபார்" ஆகட்டும். "ஐ டோன்ட் நோ வை ஹி ஹேட் டு கேன்சல்" என்று சொல்லுங்கள். பழகும் பாட்டுக்கு ஒன்று என்று, மறுநாள் வேலையில் உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, சொல்லியும் விடுங்கள்.

இன்வாய்ஸ், டெட்லைன், அப்ரூவல் என்று உங்கள் வேலைக்கான சொற்கள் எந்தப் பாட்டிலும் வராது. அவற்றை உங்களுக்கு வரும் மெயில்களிலிருந்தே எடுங்கள். பாட்டில் பழகிய அச்சில் அந்தச் சொற்களை ஊற்றினால் போதும்.

வரிசை கேட்டீர்கள் என்றால்: "கே செரா செரா", பிறகு "யெஸ்டர்டே", பிறகு "டாம்ஸ் டைனர்". இடையில் ஜிம் ரீவ்ஸ் கேளுங்கள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அவருக்கு இத்தனை வருடமாக ரசிகர்கள் இருப்பதற்கு அந்த நிதானமான, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும் குரலும் ஒரு காரணம். ஜான் டென்வரின் "கன்ட்ரி ரோட்ஸ்" பாட்டில் நேற்றே வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு "ஷுட் ஹேவ் பீன்" வருகிறது, அதை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள். ராப் பாட்டுகளில் சொற்கள் கொட்டிக் கிடக்கும், ஆனால் வேகமும் கொச்சையும் உள்ளூர்க் குறிப்புகளும் சேர்ந்து ஆரம்பத்தில் களைப்படையச் செய்யும். இந்த நான்கு பாட்டையும் வரியைப் பார்க்காமல் பாட வந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.